‘நம்முடையதுதான்’: ஒரு நூலக இணையதளம் நான்கு நாள் முடங்கிய நிகழ்வு

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நூலகச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நம் தளத்தை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. திறந்தால் சிவப்பாக ஏதோ வந்து பயமுறுத்துகிறது” என்றார். பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்கிறேன் ஐயா என்று வைத்துவிட்டேன். அந்தப் பத்து நிமிடம் வியாழக்கிழமை இரவு வரை நீண்டது.

நாங்கள் மூன்று பேர் கொண்ட சிறிய நிறுவனம். விளையாட்டுக் கழகம், நாடகக் குழு, முதியோர் மன்றம், குடியிருப்போர் சங்கம் என்று அருகிலுள்ள அமைப்புகளுக்கு இணையதளம் கட்டித் தந்து, பிறகு ஆண்டுக் கணக்கில் பராமரிக்கிறோம். ஒருவர் சர்வரைப் பார்த்துக்கொள்கிறார், இன்னொருவர் வடிவமைப்பைப் பார்க்கிறார். மீதி எல்லாவற்றையும், அதாவது வாடிக்கையாளரின் தொலைபேசியை எடுப்பதையும் திட்டு வாங்குவதையும், நான் பார்க்கிறேன். இந்த ஆய்வை எழுதுவதும் அந்த மீதியில் சேர்ந்தது. இதில் வரும் தவறுகளில் பாதிக்கு மேல் எங்களுடையவை. அமைப்பின் பெயரையும், டொமைன் எனப்படும் இணைய முகவரியைப் பதிந்து தரும் பதிவு நிறுவனத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. சொல்லித் தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை.

பின்னணி

அது தன்னார்வலர்கள் நடத்தும் நூலகம். சம்பளத்துக்கு ஒருவர்கூட இல்லை. ஆண்டுப் பொதுக்குழு, அதில் தேர்வாகும் செயற்குழு, கைமாறிக்கொண்டே இருக்கும் சாவிக்கொத்து, இவற்றால்தான் நூலகம் நடக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் வந்தபோதே அவர்களுக்கு ஒரு பழைய இணையதளம் இருந்தது. அதைக் கட்டியவர் தொழிலை விட்டுப் போயிருந்தார். அதே முகவரியில் புதிய தளம் வேண்டும், நூற்பட்டியலைத் தேடும் வசதி வேண்டும் என்றார்கள்.

எங்கள் உழைப்பு முழுவதையும் அந்த நூற்பட்டியல்தான் விழுங்கியது. பட்டியல், இன்றைய பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அந்தக் கால எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமிக்கும். முதலில் கொம்பு, பிறகு மெய். யூனிகோடில் மெய் முன்னால் வரும், கொம்பு பின்னால் வரும். இதை மாற்ற நிரல் எழுதுவது எளிது என்றுதான் நினைத்தோம். ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் பழைய எழுத்துருவில் ஒரே உருவம் என்பது நினைவில் இல்லை. முதல் ஓட்டத்தில் ‘தெளிவு’ என்று தொடங்கிய தலைப்புகள் எல்லாம் ‘தௌிவு’ ஆகிவிட்டன. அதைத் திருத்திய இரண்டாம் ஓட்டத்தில் ‘மௌனம்’ எல்லாம் ‘மெளனம்’ ஆயின. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். வாசகர் ஒருவர் ‘மௌனம்’ என்று தேடினால் அலமாரியில் இருக்கும் புத்தகத்தை இல்லை என்று சொல்லும். கடைசியில் சந்தேகத்துக்குரிய வரிகளைத் தனியே பிரித்து, நூலகத்தின் தன்னார்வலர்கள் இருவரோடு உட்கார்ந்து கையால் திருத்தினோம். இன்றும் அந்த வேலையை நினைத்தால் எனக்குப் பெருமைதான்.

அந்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கை டொமைனில் காட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. தொடக்கக் கூட்டத்தில் கேட்கவே செய்தோம். “டொமைன் யார் பெயரில் இருக்கிறது?” அறையில் இருந்த நான்கைந்து பேரும் ஒரே குரலில், “நம்முடையதுதான்” என்றார்கள். நான் குறிப்பேட்டில் ‘டொமைன்: அவர்களுடையது’ என்று எழுதிக்கொண்டேன். கேட்டதற்கு அது பதிலே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெளியிலிருந்தும் எங்களால் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்க முடியாது. ஒரு காலத்தில், டொமைன் யாருடையது என்று யாரும் கேட்டுப் பார்க்கக்கூடிய ஹூயிஸ் பதிவில் உரிமையாளரின் பெயர், முகவரி எல்லாம் வெட்டவெளியில் கிடக்கும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகு பெரும்பாலான பதிவு நிறுவனங்கள் அந்த விவரங்களை மறைத்துவிட்டன. தனியுரிமைக்கு நல்லதுதான். எங்களைப் போன்றவர்களோ அன்றிலிருந்து வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை

அன்று காலை நாங்கள் அடுத்தடுத்துச் செய்த தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இத்தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படுவது அந்தப் பகுதிதான்.

செயலாளர் சொன்ன சிவப்புப் பக்கம், பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தவில்லை என்ற பிரவுசரின் எச்சரிக்கை. நாங்கள் பயன்படுத்துவது லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ். அது 90 நாள் செல்லும், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். காலாவதிக்கு முன் மின்னஞ்சல் அனுப்பும் வழக்கத்தை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே புதுப்பித்தல் எங்கோ தவறி, சான்றிதழ் செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். சர்வரைப் பார்க்கும் கூட்டாளி உள்ளே போய்ப் பார்த்தார். சான்றிதழுக்கு இன்னும் 50 நாளுக்கு மேல் உயிர் இருந்தது. தளமும் ஓடிக்கொண்டிருந்தது.

“எனக்குத் திறக்கிறதே” என்றார் அவர். எனக்குத் திறக்கவில்லை. வடிவமைப்பாளருக்கும் திறக்கவில்லை. இது இணைய இணைப்பின் கோளாறா, டொமைன் பெயருக்குரிய சர்வரின் எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் ஏற்பாட்டின் தற்காலிகச் சேமிப்பு செய்யும் சேட்டையா என்று முக்கால் மணி நேரம் விவாதித்தோம். பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் தளத்தை இடம் மாற்றியபோது, சோதனைக்காகத் தம் கணினி டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் இந்த டொமைனுக்கு நேராக சர்வரின் எண் முகவரியை எழுதி வைத்திருந்தார். அதை அழிக்கவே இல்லை. உலகம் முழுவதும் தளம் மறைந்தாலும் அவருக்கு மட்டும் திறக்கும்!

அப்படியானால் மற்றவர்கள் எங்கே போகிறார்கள்? டொமைனைத் தேடி வருபவரை எங்கே அனுப்புவது என்று சொல்லும் நேம்சர்வர்களின் விவரத்தைக் கேட்டோம். எங்களுடைய பெயர்கள் இல்லை. பதிவு நிறுவனத்தின் விளம்பரப் பக்கத்தைக் காட்டும் சர்வருக்கு டொமைன் திருப்பப்பட்டிருந்தது. அந்தச் சர்வரிடம் நூலகத்தின் பெயருக்கான சான்றிதழ் இல்லை, அதனால்தான் சிவப்புப் பக்கம். சாதாரணமாக ‘பரவாயில்லை, தொடர்க’ என்று அழுத்தி உள்ளே போகலாம். எங்கள் தளத்தில் எச்எஸ்டிஎஸ் என்ற கெடுபிடியை நாங்களே போட்டிருந்தோம். பாதுகாப்பான இணைப்பு இல்லாவிட்டால் யாரையும் உள்ளே விடாதே என்று பிரவுசருக்குச் சொல்லும் ஏற்பாடு அது. ஏற்கெனவே தளத்துக்கு வந்துபோனவர்களை அது அசையவிடவில்லை. முன்பின் வராதவர்களுக்கு விளம்பரப் பக்கம் தெரிந்தது. ஆக, நூலகத்தின் பழைய உறுப்பினர்கள்தான் ஹேக் ஆகிவிட்டது என்று அதிகம் பயந்தார்கள்.

காலாவதியாகிவிட்டது என்று இங்கேயே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. ஏனென்றால் டொமைன்களின் மையப் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தேன். ‘காலாவதித் தேதி’ என்ற இடத்தில் அடுத்த ஆண்டின் தேதி இருந்தது. புதுப்பித்தாகிவிட்டதே, பின் எப்படிக் காலாவதியாகும்? யாரோ கணக்குக்குள் புகுந்து நேம்சர்வரை மாற்றிவிட்டார்கள் என்று நானே நம்பத் தொடங்கினேன். செயலாளரிடமும் உளறிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் அன்று மதியம் சாப்பிடவில்லை என்று பின்னால் தெரிந்தது.

வடிவமைப்பாளர்தான் அதைப் பிடித்தார். எங்களில் இளையவர், இதில் முன் அனுபவம் இல்லாதவர். அனுபவம் இல்லாததால் பதிவேட்டின் பதிலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். “இந்த ‘ஆட்டோ ரின்யூ பீரியட்’ என்றால் என்ன?” என்று கேட்டார்.

டாட் காம், டாட் ஆர்க் போன்ற பொது டொமைன்களில் ஒரு வேடிக்கையான நடைமுறை உண்டு. காலாவதி நாளன்று, பணம் வந்ததோ இல்லையோ, மையப் பதிவேடு டொமைனைத் தானாக ஓராண்டு நீட்டித்துவிடும். தேதியும் அடுத்த ஆண்டுக்குத் தாவும். வாடிக்கையாளர் பணம் கட்டவில்லை என்றால் பதிவு நிறுவனம் 45 நாளுக்குள் அந்த நீட்டிப்பை ரத்து செய்து டொமைனை அழிக்கலாம். அழித்த பின் மீட்பதற்கு 30 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்கு வழக்கமான புதுப்பித்தல் கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்பார்கள். அதுவும் கடந்தால் 5 நாள் நிறுத்திவைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் பதியலாம் என்று திறந்துவிடுவார்கள். தேதியைப் பார்த்து ஏமாந்தது நான். பக்கத்திலேயே நிலைக்குறிப்பில் உண்மை எழுதியிருந்தது. டொமைன் சனிக்கிழமையே காலாவதியாகியிருந்தது.

பூட்டிய வீட்டுக்குள் சாவி

சரி, பணம் கட்டினால் முடிந்தது. எங்கே கட்டுவது? பதிவு நிறுவனத்தின் கணக்கு யாரிடம் இருக்கிறது?

செயலாளரைக் கேட்டேன். பொருளாளரிடம் இருக்கும் என்றார். முந்தைய செயலாளரிடம் இருக்கும் என்றார் பொருளாளர். முந்தைய செயலாளர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். தேடிப் பிடித்துப் பேசினேன். நல்ல மனிதர். “அது இன்னும் என் பெயரிலா இருக்கிறது?” என்று அவரே வியந்தார். தளத்தை முதன்முதலில் கட்டியவர் கேட்டபோது படிவத்தில் தம் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அமைப்பின் பெயர் என்ற கட்டம் காலி. அதாவது பத்து ஆண்டுகளுக்கும் மேலாக, விதிப்படி அந்த டொமைனின் உரிமையாளர் நூலகம் இல்லை, அவர்தான். புதுப்பித்தலுக்குக் கொடுத்திருந்தது அன்றைய பொருளாளரின் வங்கி அட்டை. அட்டை மாறி நாளாகிவிட்டது.

கடவுச்சொல் அவருக்கு நினைவில்லை. மறந்துவிட்டேன் என்று அழுத்தினால் புதிய கடவுச்சொல்லுக்கான இணைப்பு மின்னஞ்சலில் வரும். எந்த மின்னஞ்சலுக்கு? அதே டொமைனில் அவர் பெயரில் இருந்த முகவரிக்கு. டொமைன் போனதால், மின்னஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவும் போயிற்று, ஆகவே அந்த முகவரிக்குக் கடிதமே வராது. சாவியை உள்ளே வைத்துக் கதவை இழுத்துச் சாத்தியாகிவிட்டது.

புதிய கடிதம் வராதே தவிர, பழைய கடிதங்கள் எங்கள் சர்வரில்தான் இருந்தன. செயலாளர் மாறியபோது புதியவருக்குப் பொறுப்பின் பெயரில் ஒரு முகவரி உருவாக்கிக் கொடுத்தோம். பழையவரின் பெட்டியை, எதற்கும் இருக்கட்டும் என்று அழிக்காமல் விட்டோம். அதை யாரும் திறக்கவில்லை. அவரிடமும் இன்றைய செயலாளரிடமும் அனுமதி கேட்டுவிட்டுத் திறந்தேன். இரண்டு கடிதங்கள், இரண்டும் படிக்கப்படாமல். ஒன்று காலாவதிக்கு ஒரு மாதம் முன்பு வந்தது, மற்றது ஒரு வாரம் முன்பு. இது பதிவு நிறுவனத்தின் தயவு இல்லை. பொது டொமைன்களுக்கு இந்த இரண்டு நினைவூட்டலும், காலாவதியான ஐந்து நாளுக்குள் மூன்றாவது ஒன்றும் அனுப்ப வேண்டும் என்பது 2013 ஆகஸ்ட் முதல், உலக அளவில் டொமைன்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதி. அவர்கள் கடமையைச் செய்துவிட்டார்கள். அந்தப் பெட்டியின் கடவுச்சொல் எங்கள் பெட்டகத்தில் இருந்தது. பெட்டியை உயிரோடு விட்டதும் நாங்கள், திறந்து பார்க்காததும் நாங்கள்.

செவ்வாயும் புதனும் காகித வேலையில் போயின. முந்தைய செயலாளரின் அடையாள அட்டை, அவர் கையொப்பமிட்ட கடிதம், நூலகத்தின் பதிவுச் சான்றிதழ் எல்லாவற்றையும் அனுப்பினோம். கையொப்பம் தெளிவாக இல்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. யோசித்தால் அந்தக் கெடுபிடி சரிதான். இரண்டு கடிதத்தைக் காட்டி ஒரு டொமைனை வாங்கிக்கொண்டு போக முடியும் என்றால், நாளை வேறொருவர் போலிக் கடிதத்தோடு வருவார்.

இதற்கிடையே தளம் பத்திரமாக இருக்கிறது என்பதைச் செயலாளர் நம்பவே இல்லை. கூட்டாளியின் பழைய ஹோஸ்ட்ஸ் தந்திரம் அங்கே உதவியது. செயலாளரின் மடிக்கணினியிலும் அந்த ஒரு வரியை எழுதினோம். நூற்பட்டியல் திறந்தது. ‘மௌனம்’ என்று தேடிப் பார்த்தார், வந்தது. “அப்படியானால் வீடு இருக்கிறது, தெருப் பலகையைத்தான் கழற்றிவிட்டார்கள்” என்றார். இவ்வளவு நாள் வாடிக்கையாளர்களுக்கு டிஎன்எஸ் என்றால் என்ன என்று நான் படம் போட்டு விளக்கியதெல்லாம் வீண்.

வியாழன் மதியம் கணக்கின் மின்னஞ்சலை மாற்றித் தந்தார்கள். உள்ளே போய்ப் புதுப்பித்து நேம்சர்வரைத் திருப்பினோம். உரிமையாளர் பெயரை நூலகத்தின் பெயருக்கு மாற்றினோம். அப்படி மாற்றினால் வேறு பதிவு நிறுவனத்துக்கு 60 நாள் நகர முடியாதபடி பூட்டு விழும். நகரும் எண்ணம் இல்லாததால் கவலைப்படவில்லை.

இரவு எட்டு மணிக்கு மேல் மின்னஞ்சல்கள் சொட்டுச் சொட்டாக வரத் தொடங்கின. பெறும் சர்வர் பதில் சொல்லாவிட்டால் உடனே கைவிடாமல் நான்கைந்து நாளாவது மறுபடி முயன்றுகொண்டிருக்க வேண்டும் என்பது மின்னஞ்சல் நெறிமுறையின் பரிந்துரை. அந்தப் பொறுமையால் பல கடிதங்கள் பிழைத்தன. சிறுவர் வாசிப்பு முகாமுக்குப் பெயர் கொடுத்த பெற்றோரின் கடிதங்கள் திங்கட்கிழமைத் தேதியோடு வியாழன் இரவு வந்தன. சில அனுப்பியவருக்கே திரும்பிப் போயிருந்தன. பழைய செயலாளரின் பெட்டியிலும் ஒரு கடிதம் விழுந்தது. பதிவு நிறுவனத்தின் மூன்றாவது நினைவூட்டல், செவ்வாய்க்கிழமை அனுப்பியது. உங்கள் டொமைன் காலாவதியாகிவிட்டது, இந்த முகவரிக்குத் தொடர்ந்து மின்னஞ்சல் வர வேண்டுமானால் உடனே புதுப்பியுங்கள் என்று இருந்தது.

எங்கள் பங்கு

பராமரிப்பு ஒப்பந்தத்தில் ‘டொமைன் வாடிக்கையாளரின் பொறுப்பு’ என்று ஒரு வரி இருக்கிறது. கூட்டாளி அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார். சட்டப்படி நாங்கள் தப்பித்தோம். தொலைபேசியில் தளம் எங்கே என்று கேட்ட உறுப்பினரிடம் அந்த வரியைப் படித்துக் காட்ட முடியுமா? இணையதளம் கட்டிக் கொடுத்தவர்கள் என்றால் எல்லாம் தெரிந்தவர்கள் என்று நம்பித்தான் அவர்கள் வருகிறார்கள். தங்களுக்கு எது தெரியாது என்பதே தெரியாதவர்களிடம் பொறுப்பை எழுதி வாங்குவது நேர்மையான ஏற்பாடாக எனக்குப் படவில்லை.

எல்லா டொமைன்களையும் எங்கள் கணக்குக்கே கொண்டுவந்துவிடலாம் என்பது கூட்டாளியின் வாதம். வேலை எளிது, ஒரு தேதியும் தவறாது. இத்தொழிலில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வாடிக்கையாளர் வெளியேற விரும்பும் நாளில் அந்த எளிமையின் மறுபக்கம் தெரியும். டொமைனைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசிய நிறுவனங்களிடமிருந்து மீண்டு வந்தவர்கள் எங்கள் வாடிக்கையாளர்களிலேயே இருக்கிறார்கள். நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம் என்பது உண்மைதான். நாங்கள் மூவரும் கடையை மூடிவிட்டால்? அந்த முந்தைய செயலாளர் செயற்குழுவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவராக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்தேன். அதே இடத்தில் எங்களை வைத்துப் பார்க்கவும் வேண்டியதாயிற்று. கூட்டாளி இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு அமைப்புகள் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டதால் அவற்றின் டொமைன்கள் எங்கள் கணக்கில் இருக்கின்றன. கேட்டால் எத்தனை நாளில் ஒப்படைப்போம் என்ற கடிதத்தை அவர்கள் கோப்பில் வைத்திருக்கிறார்கள்.

மற்ற அமைப்புகளிடம் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போனோம். கேள்விகள் எளியவை. உரிமையாளர் கட்டத்தில் யார் பெயர்? கணக்கின் மின்னஞ்சல் அதே டொமைனுக்குள் இருக்கிறதா? எந்த அட்டை? ‘நம்முடையதுதான்’ என்ற பதிலை ஏற்பதில்லை, கணக்கைத் திறந்து காட்டச் சொன்னோம். ஒரு கழகத்தின் டொமைன், எப்போதோ கோடை விடுமுறையில் உதவிக்கு வந்த மாணவர் பெயரில் இருந்தது. ஒரு மன்றத்தின் சமூக ஊடகப் பக்கத்துக்கு நிர்வாகி என்று யாருமே மிச்சமில்லை.

தேடிப் போனது டொமைனை, வழியில் வேறொன்றும் அகப்பட்டது. ஓர் அமைப்பின் தொடர்புப் படிவம் மாதக்கணக்கில் யாருக்கும் போய்ச் சேரவில்லை. படிவத்தை நிரப்பியவரின் முகவரியிலிருந்தே கடிதம் வருவது போல நாங்கள் அமைத்திருந்தோம். கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் அனுப்புநர் சரிபார்ப்பைக் கடுமையாக்கிய பிறகு அப்படிப்பட்ட கடிதங்கள் தங்குதடையின்றிப் போவது குறைந்துவிட்டது. யாரும் புகார் சொல்லவில்லை. பதில் வராதவர்கள் நம்மிடம் வந்து பதில் வரவில்லை என்று சொல்வதில்லையே.

இப்போது தினமும் எல்லா டொமைன்களின் பதிவேட்டையும் கேட்டுப் பார்க்கும் சிறு நிரல் ஒன்று ஓடுகிறது. 60 நாள் இருக்கும்போது மூவரின் கைபேசிக்கும் செய்தி வரும். அது தேதியோடு நிலைக்குறிப்பையும் படிக்கிறது. அதை எழுதியவர் வடிவமைப்பாளர். நான் எழுதியிருந்தால் தேதியை மட்டும் பார்த்திருக்கும்.

நூலகத்தில் வேறொரு ஏற்பாடு செய்தார்கள். அது எங்கள் யோசனை இல்லை, பொருளாளருடையது. தணிக்கைக்குக் காட்டும் சொத்துப் பதிவேடு அவர்களிடம் இருக்கிறது. மேசை, நாற்காலி, இரும்பு அலமாரி எல்லாம் அதில் எண் போட்டு எழுதியிருக்கும். ஆண்டுதோறும் பொதுக்குழுவுக்கு முன் ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்ப்பார்கள். அதில் டொமைனையும் எழுதிவிடலாம் என்றார். செயலாளர் பேனாவை எடுத்து, அலமாரிகளுக்கு அடுத்த வரியில் டொமைன் பெயரை எழுதினார். ‘எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் 1. ‘வாங்கிய நாள்’ எழுதினார். ‘இருக்கும் இடம்’ என்ற கட்டத்தில் பேனா நின்றது.

“இது எங்கே இருக்கிறது என்று எழுதுவது, தம்பி?”

கணக்கின் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் பெயரை எழுதுங்கள் ஐயா என்றேன். தம் பெயரையும் பொருளாளர் பெயரையும் எழுதப் போனவர், பேனாவை மூடி வைத்துவிட்டு மேசை இழுப்பறையில் பென்சிலைத் தேடினார். அடுத்த ஆண்டு செயற்குழுத் தேர்தல் இருக்கிறது.